புடிச்சாச்சு, விடு

ராங்கி என்று அவளைக் கூப்பிட்ட ஆள் உலகத்தில் ஒரே ஒருவன்தான். மண்டித் தெருவில் மூட்டை தூக்கிய அவள் புருஷன். அதுவும் வீட்டுக்குள் மட்டும். நாலு பேர் நடுவில் 'இந்தாம்மா' என்பதோடு சரி. அவன் செத்த பிறகு அந்தப் பெயருக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனாலும் மனசுக்குள் அவள் தன்னை அப்படித்தான் அழைத்துக்கொண்டாள், திட்டிக்கொள்வதற்காகவாவது. 'ஏண்டி ராங்கி, கண்ணு அங்கேயே போகுது உனக்கு?'

கண் போன இடம் குளிர்பதனக் கிடங்கின் பக்கச் சுவர். சாரம் கட்டி அதில் ஓர் ஓவியன் படம் வரைந்துகொண்டிருந்தான். ஆரஞ்சுச் சீருடை போட்ட ஒரு பெண் நடுத்தெருவில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் மடியில் ஒருவன் தலை. அவள் முகம் கடை ஷட்டர் அகலத்துக்கு நேராகத் தெரிகிறது. அவன் முகம் அந்தப் பக்கம் திரும்பிக் கிடக்கிறது. ராங்கியின் பங்குக்கு வந்தது ஒரு பின்மண்டையும் ஒரு காதும்.

"எங்க வீட்டுக்காரர் காது அவ்வளவு பெருசு இல்ல," என்று கீழே நின்று கத்தினாள்.

ஓவியன் சாரத்திலிருந்து எட்டிப் பார்த்தான். "போட்டோல அப்படித்தாம்மா இருக்கு."

"போட்டோவா அவரோட குடும்பம் நடத்துச்சு?"

அவன் தூரிகையை டப்பாவில் முக்கினான். அவனும் பாவம்தான். செத்தவன் பெண்டாட்டியிடம் யார் வாயைக் கொடுப்பார்கள்?

நடந்தது இதுதான். ஒரு வேலைநாள் காலையில், மண்டித் தெரு பிதுங்கி வழிந்த நேரத்தில், ஒருவன் லாரியை வேண்டுமென்றே கூட்டத்துக்குள் ஓட்டினான். பிரேக் பிடிக்காத வண்டி இல்லை, பிடிக்க மனசில்லாத ஆள். தெருமுனையில் தொடங்கி கிடங்கு வாசல்வரை பதினோரு பேரைச் சாய்த்துவிட்டுத்தான் நின்றான். அவன் ஏன் செய்தான் என்று தொலைக்காட்சியில் கோட்டுப் போட்டவர்கள் மாறி மாறிக் கத்திக்கொண்டிருந்தார்கள். ராங்கி அந்தப் பக்கமே காது கொடுக்கவில்லை. காரணம் தெரிந்தால் திரும்பி வந்து சாப்பிட உட்காரப்போகிறானா அவள் புருஷன்?

ஊர் மட்டும் அன்றைக்கு ஊராக இருந்தது. அதை இல்லையென்று சொல்ல அவளுக்கு வாய் வராது. ரத்தம் கொடுக்க நின்ற வரிசை ஆஸ்பத்திரி மதிலைச் சுற்றி வந்து தன் வாலையே தொட்டது. டாக்சிக்காரர்கள் மீட்டரைத் துணி போட்டு மூடிவிட்டு அடிபட்டவர்களின் சொந்தக்காரர்களை ஏற்றி இறக்கினார்கள். எடைக்கல் தகராறில் வருஷக்கணக்கில் முகம் பார்க்காத இரண்டு வெங்காய மண்டிக்காரர்கள் ஒரே தார்ப்பாயை ஆளுக்கொரு முனை பிடித்து, கிடந்தவர்களுக்கு வெயில் மறைத்தார்கள். பிறகு பூ வந்தது. யார் முதலில் வைத்தார்கள் என்று தெரியாது. கிடங்கு வாசலில் ஆள் உயரத்துக்குக் குவிந்தது. மெழுகுவர்த்தி, பொம்மை, தெரியாத ஊர்ப் பிள்ளைகள் எழுதிய அட்டைகள். தெருவின் இரண்டு முனையிலும் இனி எந்த வண்டியும் பாயக்கூடாது என்று சிமென்ட் கட்டைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதனால் தள்ளுவண்டியும் உள்ளே வர முடியாமல் போய், சுமைக்காரர்கள் எல்லாவற்றையும் தலையிலேயே சுமந்தார்கள். "லாரிக்காரன் ஒரு நாள்தான் ஏத்தினான், இந்தக் கட்டை தினமும் நம்ம கழுத்துல ஏறுது," என்றார் சுமைக்கூட்டத்து மேஸ்திரி. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் எல்லோரும் சிரித்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில்தான் அந்தப் போட்டோ. மாடி ஜன்னலிலிருந்து யாரோ செல்போனில் எடுத்தது. மண்டித் தெரு கூட்டுகிற பெண், துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து, கிடந்தவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் படம் எங்கெல்லாமோ போயிற்று. ஊரே அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. டீக்கடையில் அவளுக்கு டீ இலவசம். பேருந்தில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். 'நகரத்தின் மடி' என்று ஒரு பத்திரிகை தலைப்புப் போட்டது.

'நகரத்தோட மடியா? அப்ப என் மடிக்கு என்ன கேடு?' என்று ராங்கி நினைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் காறித் துப்புவார்கள். புருஷனைப் பறிகொடுத்தவள் அழலாம், மயங்கி விழலாம், பித்துப் பிடித்து உட்காரலாம். பொறாமைப்பட அவளுக்கு உரிமை இல்லை. அதுவும் நல்லது செய்தவள்மேல்.

ஆனால் வயிறு கேட்டால்தானே. எரிந்தது. அவளுக்கு அது பழைய வியாதி. புருஷன் உயிரோடு இருந்தபோதே டீக்கடைக்காரி அவனுக்கு மட்டும் சர்க்கரை தூக்கலாகப் போடுகிறாள் என்று அந்தக் கடைக்குப் போய்க் குடித்துப் பார்த்து வந்தவள் அவள்.

எல்லாவற்றையும் விட எரிய வைத்தது ஒன்று. டிவி நிருபர் பெண் ஒருத்தி மைக்கை நீட்டி, "கடைசியா அவர் ஏதாவது பேசினாரா?" என்று கேட்டபோது, அந்தத் துப்புரவுக்காரி, "பேசினாரு," என்றாள். "என்ன பேசினார்?" "அதை விடுங்க." அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனை பேர் கேட்டும் வாயைத் திறக்கவில்லை. ஊருக்கு அது இன்னும் பிடித்துப்போயிற்று. என்ன அடக்கம், என்ன பண்பு! 'மடியில் பூட்டிய ரகசியம்' என்று மறுநாள் இன்னொரு தலைப்பு.

ராங்கி வீட்டுக்கு அவள் ஒரு தரம் வந்தாள். மேஸ்திரிதான் கூட்டி வந்தார். "தங்கச்சி, இந்தப் பொண்ணுதான்," என்றார். அறை முழுக்கச் சனம். ராங்கியின் நாத்தனார் பாய்ந்துபோய் அவளைக் கட்டிக்கொண்டு, "எங்கண்ணன் கடைசி மூச்சை நீதானே வாங்கின," என்று அழுதாள். ராங்கி சாக்கு தைத்துக்கொண்டிருந்தாள். முழங்கால் போன பிறகு மண்டிக்குப் போக முடியாமல், கிழிந்த சாக்குகளை வீட்டில் வாங்கித் தைப்பதுதான் அவள் பிழைப்பு. கோணி ஊசியைக் கீழே வைக்கவில்லை. உட்காரு என்றும் சொல்லவில்லை. வந்தவள் வாசல்படியிலேயே நின்றுவிட்டு, ராங்கியை ஒரு தரம் பார்த்து, எதையோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிவிட்டுப் போனாள்.

"என்ன அண்ணி நீங்க, ஒரு வாய் தண்ணி குடுத்திருக்கக் கூடாதா?" என்று நாத்தனார் கடிந்துகொண்டாள்.

"ஊரே குடுக்குதே. வயிறு கொள்ள வேணாமா?"

ராங்கிக்கு ஒன்றே ஒன்று தெரிந்தாக வேண்டும். கடைசியில் தன்னைக் கூப்பிட்டானா?

காரணம் இருந்தது. அதைச் சொல்ல மூட்டை இறக்குகிற விதத்தைச் சொல்ல வேண்டும். தலையில் மூட்டையோடு வருகிறவன் தானாக அதை இறக்க முடியாது. இறக்கினால் கழுத்து போய்விடும். முன்னால் ஒரு ஆள் நின்று கை கொடுக்க வேண்டும். சுமந்தவன், "எறக்கி விடு," என்பான். கை கொடுப்பவர் மூட்டையின் இரண்டு மூலைக் காதையும் பிடித்துக்கொண்டு, "புடிச்சாச்சு, விடு," என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழாமல் எந்தச் சுமைக்காரனும் பிடியை விடமாட்டான். உயிரே போனாலும் விடமாட்டான். ராங்கி மண்டியில் செய்த வேலை அதுதான், முன்கை என்பார்கள். அப்படித்தான் இருவருக்கும் பழக்கமே. வேறு யார் கை நீட்டினாலும் அவன் அவள் வரும்வரை மூட்டையோடு நிற்பான் என்று கேலி பேசாத ஆள் அன்றைக்கு மண்டியில் இல்லை.

கல்யாணமான பிறகும் அது விடவில்லை. சாயங்காலம் வெறும் தலையோடு வந்து வாசலில் நிற்பான். முதுகை விறைத்துக்கொண்டு, "எறக்கி விடு ராங்கி," என்பான். அவள் எழுந்து வந்து, அவன் தலைக்கு மேல் காற்றைப் பிடித்து, "புடிச்சாச்சு, விடு," என்பாள். அப்புறம்தான் செருப்பைக் கழற்றுவான். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் ஒருநாள் தவறியதில்லை.

தவறியது, லாரி வருவதற்கு முந்தின சாயங்காலம். டீக்கடைக்காரி ஏதோ சொல்ல இவன் வாய்விட்டுச் சிரித்தான் என்று யாரோ ராங்கியிடம் ஓதியிருந்தார்கள். அவன் வந்து வாசலில் நின்று, "எறக்கி விடு ராங்கி," என்றான். அவள் சாக்கிலிருந்து தலை நிமிரவில்லை. "அங்க எவ சிரிக்க வச்சாளோ அவளையே எறக்கி விடச் சொல்லு." அவன் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு தானே குனிந்து செருப்பைக் கழற்றினான். காலையில் அவள் எழுமுன் போய்விட்டான்.

அதனால்தான் அந்தக் கடைசிப் பேச்சு அவளுக்கு வேண்டும். அது அவளுடையதா, இல்லையா என்று தெரிய வேண்டும். அதைப்போய் எவளோ ஒருத்தி மடியில் முடிந்து வைத்திருக்கிறாள்.

சுவர்ப்படம் திறக்க நாள் குறித்தார்கள். நகர்மன்றத் தலைவர் வருகிறார், மேடை போடுகிறார்கள். ராங்கியும் துப்புரவுக்காரியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். அதற்கு முன்னால் அழுகிப்போன பூக்களை அள்ளியாக வேண்டும். இரண்டு மழையில் நனைந்து குவியல் நாறத் தொடங்கியிருந்தது. தெரு கூட்டுகிறவள் வேலை அது. படத்தில் அவள் தேவதையாக இருக்கலாம், வேலை வேலைதான். சிமென்ட் கட்டைகளால் குப்பை வண்டி உள்ளே வர முடியாது. ஆகவே சாக்கில் அடைத்துத் தலையில் சுமந்து கட்டைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள்.

பட்டப்பகலில் ராங்கி நொண்டிக்கொண்டு அங்கே போனாள். தைத்த சாக்கைக் கொடுத்துவிட்டு வரும் சாக்கில் போனாள் என்று வைத்துக்கொள்ளலாம். துப்புரவுக்காரி தலையில் மூட்டையோடு எதிரே வந்தாள். தூக்கிவிட்ட தோழி அடுத்த மூட்டை கட்டப் போய்விட்டிருந்தாள். ராங்கி வழியை மறித்து நின்றாள்.

"நில்லு."

"அக்கா... தலையில மூட்டை இருக்குக்கா."

"தெரியுது. கண்ணு இருக்கு எனக்கு."

மூட்டையைப் பார்த்த மாத்திரத்தில் ராங்கிக்கு எல்லாம் தெரிந்தது. நனைந்த பூ. கல் கனம். கட்டத் தெரியாமல் ஒரு பக்கம் பாரம் இறங்கியிருந்தது. சாக்கு அவள் தைத்ததுதான், மூலையில் அவள் போடுகிற இரட்டைத் தையல். அந்தப் பெண்ணின் கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்துக்கொண்டிருந்தது. இப்படி நின்றால் கொஞ்ச நேரத்தில் கண் இருட்டும். அது தெரிந்தே ராங்கி நகரவில்லை. உள்ளுக்குள் ஒரு சுகம்கூட இருந்தது. பொய் சொல்வானேன்.

"அவரு என்ன சொன்னாரு?"

"எறக்கிட்டுச் சொல்றேனேக்கா."

"சொல்லிட்டு எறக்கு."

"வேணாங்க்கா. நல்ல பேச்சு இல்ல அது."

"நல்லதோ கெட்டதோ, என் வீட்டுப் பேச்சு. ஊரானுக்கு மறைச்சுக்கோ. எனக்கு மறைக்க நீ யாரு?"

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்க முடியவில்லை, இரண்டு கையும் மூட்டையில் இருந்தது. "என்னைத் திட்டினாருக்கா," என்றாள்.

"உன்னையா? எதுக்கு?"

"அன்னைக்கு நான் மீன் சந்தைச் சாக்கடையக் கூட்டிட்டு நேரா அப்படியே ஓடியாந்தேன். எம் மேல அடிச்ச நாத்தம் எனக்கே தெரியும். தலைய எடுத்து மடியில வச்சதும், 'எறக்கி விடு, எறக்கி விடு'ன்னாரு. மடியில கிடக்க அருவருப்பா இருக்கு, கீழ எறக்கி விடச் சொல்றாருன்னு புரிஞ்சுக்கிட்டேன். ரோடு பூரா கண்ணாடித் தூளுக்கா. எப்படிக்கா எறக்குவேன்? விடாமப் புடிச்சுக்கிட்டேன். அப்புறந்தான் திட்டினாரு."

"என்னன்னு?"

"ராங்கின்னாரு. 'எறக்கி விடு ராங்கி'ன்னு. சொன்ன பேச்சக் கேக்காம திமிரு புடிச்சு உக்காந்திருக்கேன்னு. சாகப்போற மனுசன் வாயில அப்படி வாங்கிக் கட்டிக்கிட்டேன். இதை எந்த டிவில போய்ச் சொல்ல? என்னைப்போய் சுவத்துல வேற வரையிறாங்க..."

ராங்கியின் காதில் மண்டிச் சத்தம் எல்லாம் நின்றுபோயிற்று. நியாயமாக அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது அதே பழைய எரிச்சல்தான், இதுவரைக்கும் வராத அளவுக்கு. கூப்பிட்டிருக்கிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். ஆனால் இவள் மடியைத் தன் மடி என்று நினைத்துக் கூப்பிட்டிருக்கிறான். படுபாவி, ஆள் மாற்றம்கூடத் தெரியாமல்.

"நீ என்ன சொன்ன?" ராங்கி இன்னும் ஓர் அடி கிட்ட வந்தாள். "அவரு அப்படிச் சொன்னதும் நீ என்ன பதில் சொன்ன?"

"என்னத்தச் சொல்றது. 'நான் புடிச்சிருக்கேன், பயத்த விடுங்க'ன்னேன். வேற என்ன தெரியும் எனக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் பேச்சு இல்லக்கா. அதுவரைக்கும் கழுத்து கட்டை மாதிரி விறைச்சுக்கிட்டு இருந்துச்சு. நான் சொன்னதும் விட்டுட்டாரு. தலை கனமா மடியில எறங்கிடுச்சு."

புடிச்சிருக்கேன். விடுங்க.

மண்டியில் பிறந்து வளர்ந்தவள்கூட அந்த நேரத்தில் அதைவிடச் சரியாகச் சொல்லியிருக்க முடியாது. முந்தின நாள் சாயங்காலம் ராங்கி சொல்லாமல் விட்டதை, ஒன்றும் தெரியாத ஒருத்தி சொல்லியிருக்கிறாள். அது கேட்கும்வரை அவன் பிடியை விடாமல் கிடந்திருக்கிறான். கேட்டதும் விட்டுவிட்டான்.

"அக்கா, கண்ணு இருட்டுதுக்கா. எறக்கி விடுங்கக்கா..."

ராங்கியின் கைகள் அவள் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. போய் மூட்டையின் இரண்டு காதையும் பிடித்தன. முழங்காலில் மின்னல் வெட்டியது. "புடிச்சாச்சு, விடு," என்றாள்.

அந்தப் பெண் விட்டாள். மூட்டை இருவர் நடுவிலும் இறங்கி உட்கார்ந்தது. அழுகிய பூத்தண்ணீர் இருவர் காலிலும் வழிந்தது. அவள் அப்படியே சிமென்ட் கட்டையில் சாய்ந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னைத் திட்டல அவரு," என்றாள் ராங்கி. "ராங்கி நான்தாண்டி."

"என்னது?"

"எனக்கு அவரு வச்ச பேரு. எறக்கி விடுன்னது தலைப்பாரத்தை. உன் மடிய இல்ல. உன் மேல அடிச்ச நாத்தம் அவருக்கு எங்க தெரியப்போகுது? முப்பது வருஷம் மண்டியில அழுகின வெங்காயம் சுமந்த மூக்கு அது."

அவள் ராங்கியின் முகத்தையே பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு ஒரு சத்தம் போட்டாள். அது சிரிப்பா அழுகையா என்று ராங்கிக்கு விளங்கவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது. தூக்கமில்லாமல் கிடந்தவள் முகம் அது. அதை ராங்கி அப்போதுதான் பார்த்தாள். சுவரில் இருக்கிற முகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

"உங்களைத்தான் கூப்பிட்டாரா? நான் இத்தனை நாளா..."

"இந்தா பாரு." ராங்கி விரலை நீட்டினாள். "அந்தப் பேரை யார்கிட்டயும் சொல்லாத. மேடையிலயும் சொல்லாத. என் நாத்தனார் தலைகீழா நின்னு கேட்டாலும் சொல்லாத. அது என்னோடது."

"சத்தியமா சொல்லமாட்டேங்க்கா."

ராங்கி விரலை மடக்கினாள். கொடுக்க மனசில்லாமல்தான் கொடுத்தாள். "புடிச்சிருக்கேன்னு சொன்னியே. அது உன்னோடது. அதை வேணா நீ வச்சுக்கோ."

படம் திறந்த அன்று மேடை நிரம்பி வழிந்தது. மேஸ்திரியும் சுமைக்காரர்களும் தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். பதினோரு பெயரையும் வாசித்தார்கள்.  திரைச்சீலையை இழுத்ததும் படம் தெரிந்தது. அந்த நிருபர் பெண் விடுவாளா? மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "இன்னைக்காவது சொல்லுங்க. கடைசியா அவர் என்ன சொன்னார்?"

ராங்கி துப்புரவுக்காரியை முறைத்தாள்.

பக்கத்தில் இருந்தவள் மைக்கை வாங்கினாள். "அவங்க வீட்டுக்காரம்மாவத்தான் கூப்பிட்டாரு," என்றாள். "என்னன்னு கூப்பிட்டாருன்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன். ஒப்படைச்சாச்சு. இனிமே என்னைக் கேக்காதீங்க."

கூட்டம் கை தட்டியது. மைக் ராங்கி பக்கம் திரும்பியது. அவள் கையால் தள்ளிவிட்டாள். நாத்தனார் பின்வரிசையிலிருந்து குனிந்து, ரகசியமாக, "என்னன்னு கூப்பிட்டாரு அண்ணி?" என்றாள்.

"உனக்கெதுக்கு?" என்றாள் ராங்கி. கண் மறுபடி சுவருக்குத்தான் போயிற்று. அந்த மடி, அதில் அந்தத் தலை. எரிச்சல் போய்விட்டது என்று சொன்னால் பொய். பொறுத்துக்கொள்ளும்படி இருந்தது.

"மூக்கப் பாரு," என்றாள் நாத்தனாரிடம். "அவ மூக்கு இவ்வளவு எடுப்பா எங்க இருக்கு? வரைஞ்சவன் காசு வாங்கிட்டு நல்லா ஏமாத்தியிருக்கான்."

பக்கத்து நாற்காலியில் இருந்தவளுக்கு அது கேட்டுவிட்டது. தன் மூக்கை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டாள்.